வாய்க்குள் ஒரு பேட்டரி

தம்பி, அந்தச் சாக்கைக் கொஞ்சம் உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். பேட்டரிதானே? சாக்கைச் சுற்றினால் எனக்குத் தெரியாதா? ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவன். ‘ஆசிட் சிந்தாது தாத்தா’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வீட்டுக்குப் போய் வேட்டியை உதறினால் சல்லடை மாதிரி வெளிச்சம் தெரியும். இன்றைக்கு நான் கட்டியிருப்பது சலவை வேட்டி. போகிற இடம் அப்படி. விளாத்திகுளத்தில் மச்சினன் வீடு. என் வீட்டுக்காரி கோபித்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். கூட்டிக்கொண்டு வரப் போகிறேன்.

எழுபது வயசில் என்ன கோபம் என்றுதானே பார்க்கிறீர்கள்? சிரிக்கலாம், தப்பில்லை. கோவில்பட்டியில் எங்கள் தெருவே சிரித்து முடித்துவிட்டது. நீங்கள் ஒருத்தர்தான் பாக்கி.

நான் பொய் சொல்லிவிட்டேனாம். இந்தச் சங்கிலி டிரைவர்! தம்பி, நான் வாழ்க்கையில் பொய்யே சொன்னதில்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். சாம்பாரில் பெருங்காயம் போடுவதில்லையா, அந்த அளவு. பெருங்காயம் போட்டதால் சாம்பார் பொய்யாகிவிடுமா? ஆனால் இப்போது நான் சொல்லப்போவது பெருங்காயம்கூடப் போடாதது. என் வாயில் கரண்டு அடிக்கிறது.

தள்ளி உட்காராதீர்கள். உங்கள் காலடியில் இருப்பதும் என் வாயில் இருப்பதும் ஒரே சரக்குதான். சரி, நீங்களே சொல்லுங்கள், இந்தச் சாக்குக்குள் கரண்டு இருக்கிறதா? இருக்கிறதா? எங்கே இருக்கிறது? குடத்தில் தண்ணீர் மாதிரி ரொம்பிக் கிடக்கிறதா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் லாரி ஓட்டினேன். எங்கள் பஜாரில் பேட்டரிக் கடை வைத்திருக்கிற சூசை இருக்கிறானே, அவன்தான் விளக்கினான். உள்ளே கரண்டு என்று ஒரு பண்டம் கிடையாது. இரண்டு உலோகம் இருக்கிறது, நடுவில் புளிப்பு இருக்கிறது. அவ்வளவுதான்.

இரண்டும் ஒரே உலோகம் என்றால் ஒன்றும் நடக்காது. குணம் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒன்று இளகின மனசு. புளிப்புப் பட்டால் கரைய ஆரம்பித்துவிடும். கரைகிற போது தன்னிடம் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத துகளை விட்டுவிட்டுக் கரையும். எலக்ட்ரான் என்றான் சூசை. இன்னொன்று அழுத்தக்காரன். கரைய மாட்டான், ஆனால் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். இந்தத் துகளுக்கு அவன் பக்கம் போக ஆசை. ஆனால் நேராகப் புளிப்புக்குள் இறங்கிப் போக அதற்கு வழி கிடையாது. தேர் அன்றைக்குக் கோயில் வாசலை அடைத்துவிட்டு, ‘ரத வீதியைச் சுத்தி வா’ என்று போலீஸ்காரன் கம்பை நீட்டுவானே, அந்த மாதிரி. நாம் ஒரு கம்பி கொடுத்தால் அதன் வழியாகச் சுற்றிப் போகும். சுற்றிப் போகிற கூட்டம் வளையல் கடைக்கும் பலூன்காரனுக்கும் வியாபாரம் கொடுத்துவிட்டுத்தானே போகிறது? அதுதான் பல்பு எரிவது, ஸ்டார்ட்டர் சுற்றுவது எல்லாம். கொடுக்கிறவனிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்றால் பேட்டரி இறங்கிப்போச்சு. உங்கள் சரக்கில் ஒரு தகடு வெறும் ஈயம், இன்னொன்று துருவேறிய ஈயம். வெளியிலிருந்து கரண்டை விட்டு மறுபடி பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். என் வாய்க்கு அந்த வசதி இல்லை.

இப்போது பாருங்கள். இந்தா, இங்கே. மேல் வரிசையில் மின்னுகிறதா? தங்கம். அதற்கு நேர் கீழே கறுப்பாக இருக்கிறதே, அது வெள்ளி. நடுவில் என்ன? எச்சில். புரிந்ததா?

கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறான் பாருங்கள். என்ன தம்பி? உன் போனுக்குச் சார்ஜ் போட வேண்டுமா? வயரைக் கொண்டா, போடுகிறேன். சிரிக்கிறான். கோவில்பட்டியில் ஏறும்போதே எவனோ சொல்லிவிட்டிருக்கிறான்.

கீழே இருக்கிற வெள்ளி பழைய ஆள். லாரி ஓட்டுகிற காலத்தில் சொத்தைக்கு வெள்ளியும் பாதரசமும் குழைத்து அடைத்தது. அது பாட்டுக்குக் கிடந்தது. மேல் பல் உடைந்ததுதான் எல்லா வினைக்கும் ஆரம்பம். எப்படி உடைந்தது என்றால், மத்தியப் பிரதேசத்தில் ஒரு வழிப்பறிக்காரன் துப்பாக்கியை நீட்டினான், நான் அந்தக் குழலைக் கவ்வி... சரி, கடலை மிட்டாய். கோவில்பட்டிக்காரன் கடலை மிட்டாயில் பல்லை உடைத்தான் என்றால் ஊருக்குக் கேவலம் இல்லையா? அதனால்தான் வழிப்பறிக்காரனைக் கொண்டுவந்தேன்.

இந்தத் தை மாசம் எனக்கு எழுபது முடிந்தது. அறுபதாம் கல்யாணத்துக்கு நான் லாரியோடு எங்கேயோ கிடந்தேன், வர முடியவில்லை. அதை அவள் மறக்கவே இல்லை. எழுபதிலாவது மாலை மாற்று என்று பிடித்துக்கொண்டாள். வெள்ளத்தாயி அவள் பேர். மச்சினன் அய்யாத்துரை தாம்பாளத்தில் வேட்டி, சேலை, பழம், நடுவில் மோதிரம் வைத்துக்கொண்டு சீர் கொண்டுவந்தான். நல்ல கனம். சபையில் எல்லாரும் மோதிரத்தையே பார்க்கிறார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? ‘மாப்பிள்ளை, மோதிரத்தை விரல்ல போட்டா யார் பாப்பா? ராத்திரியே உங்கக்கா கழட்டி பீரோவுல வச்சிருவா. பல்லுல போட்டு விடு. நான் சிரிக்கும்போதெல்லாம் உன் பேரு தெரியும்’ என்றேன். சபை சிரித்தது. அய்யாத்துரை சிரிக்கவில்லை.

அவன் சிரிக்க மாட்டான் தம்பி. விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிறான். முண்டு வத்தலில் ஒரு கை அள்ளி, உடைத்து முகர்ந்து பார்த்து ஒரு விலை சொன்னால் அதுதான் விலை. வத்தல் விளைவித்த சம்சாரி மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவான். அப்படி ஒரு பேர் அவனுக்கு. அவனிடம் பேசினால் பேசினதுதான், வேடிக்கை என்று ஒரு சாமான் உலகத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அடுத்த வாரம் காரோடு வாசலில் நிற்கிறான். ‘அத்தான், சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க. பல்லு கட்டப் போவோம்’ என்கிறான். நான் விளையாட்டுக்குச் சொன்னேன் மாப்பிள்ளை என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வெள்ளத்தாயி பின்னால் நின்றுகொண்டு, ‘பாத்தீங்களா, என் தம்பியை’ என்கிற மாதிரி ஒரு முகம் வைத்திருந்தாள். எப்படிச் சொல்வது? அந்த மோதிரத்தையே உருக்கி மூடி செய்து மாட்டிவிட்டான்.

மாட்டின அன்றைக்கே, மத்தியானச் சாப்பாடு. ரசம். ஒரு வாய் வைத்துக் கடித்தேன். சுரீர்! சதுரமாகச் சின்ன பேட்டரி வருமே, அதன் இரண்டு குமிழிலும் நாக்கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அது கொசுக்கடி. இது தாடையில் பிடித்துக் காது வரைக்கும் ஓடியது. ‘ஏ வெள்ளத்தாயி! உன் தம்பி போட்ட பல்லு கரண்டு அடிக்குதுடி!’ என்று கத்தினேன்.

அவள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பக்கூட இல்லை. ‘அவன் ஆசையாப் போட்டது இன்னைக்கே உறுத்த ஆரம்பிச்சிருச்சாக்கும்? ஊறுகாய்ல லாரி ஓட்டுன வாய்தான இது?’ என்றாள்.

ஊறுகாய் விஷயம் வேறு. அதுவும் பொய் இல்லை. நாகபுரிக்கு வடக்கே நல்ல குளிரில் லாரி பேட்டரி செத்துப்போனது. சுற்றுவட்டாரத்தில் ஒரு கடை இல்லை. என்னிடம் வீட்டு மாங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி இருந்தது. செம்புக் கம்பியை ஒரு பக்கம், தகர டப்பாவை வெட்டி ஒரு பக்கம் செருகினேன். லாரி ஒரே உறுமல். ஆதிலாபாத் வரைக்கும் ஊறுகாயிலேயே வந்தேன், வாசனைக்கு நாயெல்லாம் பின்னால் ஓடி வந்தது. என்ன, லாரி கிளம்பவில்லை, ஹாரன் மட்டும் லேசாக முனகியது. கிளீனர்தான் வாயால் முனகினான் என்றும் சில பேர் சொல்வார்கள். அதை விடுங்கள். அந்த ஒரு கதையை வைத்துக்கொண்டு நாற்பது வருஷமாக என்னை ஊறுகாய் போடுகிறாள் தம்பி.

பல் டாக்டரிடம் திரும்பப் போனேன். சின்னப் பையன். ‘அய்யா, மேலே தங்கம், கீழே வெள்ளி, ரெண்டும் தொட்டுக்கிட்டா சில பேருக்கு இப்படி இருக்கும். போகப்போக மேற்பரப்பு மங்கிச் சரியாயிரும். ரொம்பத் தொந்தரவா இருந்தா கீழ் அடைப்பை எடுத்துட்டு வேற அடைச்சிரலாம்’ என்றான். என்ன டாக்டர்! இவ்வளவு பெரிய சமாச்சாரத்தை இருமல் மருந்து எழுதிக்கொடுக்கிற மாதிரிச் சொல்கிறான். நான் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். ‘டாக்டர் அப்படியே நாற்காலியிலிருந்து எழுந்துட்டாருடி. இந்தியாவுலயே மூணு பேருக்குத்தான் இப்படி இருக்காம். அமெரிக்காவுக்கு எழுதிப் போடப்போறாராம்’ என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். டாக்டரே சொல்லியும் நம்பவில்லை என்றால் அது என்ன மனசு, சொல்லுங்கள்!

அன்றைக்கு ஆரம்பித்தாள் தம்பி, பழிவாங்க. வாயால் ஒரு வார்த்தை சொல்வதில்லை, சோற்றில் காட்டினாள். ரசத்தில் புளியைக் காணோம். பருப்புத் தண்ணீரில் மிளகைத் தட்டிப் போட்டு அதற்கு ரசம் என்று பேர். புளிக்குழம்பு என்பதே வீட்டில் மறந்துபோனது. தயிர் உறைகிற அன்றைக்கே தீர்ந்துவிடும், புளிக்க விடுவதில்லை. எலுமிச்சை ஊறுகாயைப் பரணில் தூக்கி ஒளித்துவிட்டாள். நான் சாப்பிடுகிற எவர்சில்வர் கரண்டியை எடுத்துவிட்டு, குழந்தைக்கு மருந்து ஊட்டுகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் கரண்டி. நம்பாவிட்டால் போ, சோற்றில் கை வைக்கலாமா? நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? புளியில்லாத ரசத்தை ஒரு மாசம் குடித்துப் பாருங்கள், தெரியும்.

அதைவிடக் கொடுமை, அடிப்பதும் குறைந்துபோனது. நான் சொன்னது உண்மை என்று காட்டுவதற்கு இருந்த ஒரே சாட்சி, அதுவும் கிளம்பிவிடும் போலிருந்தது. அதனால்தான் சூசை கடைக்குப் போனேன். வழியில் ஒரு புளியம்பழத்தை வாயில் அடக்கிக்கொண்டேன். ‘சூசை, மீட்டரை எடு. என் பல்லுல வை’ என்றேன்.

‘அண்ணாச்சி, நான் லாரிக்கு வச்சிருக்கேன், டிராக்டருக்கு வச்சிருக்கேன். ஆளுக்கு வச்சதில்லை. தண்ணி கிண்ணி ஊத்தணுமா?’ என்றான். நக்கல்! ஆனால் வைத்தான். ஒரு முனை தங்கத்தில், ஒரு முனை வெள்ளியில். முள் ஆடியது தம்பி! என் கண்ணால் பார்த்தேன். ஒரு நெல் அகலம். சூசையின் முகம் மாறிப்போனது. அப்போதுதான் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, இந்த இரண்டு உலோகக் கதையையெல்லாம் சொன்னான். ‘தங்கம் கரையாது அண்ணாச்சி, அது வாங்கிக்கிற ஆளு. கீழ கிடக்குற பழைய அடைப்புதான் கரைஞ்சு கரைஞ்சு குடுக்குது’ என்றான். கேட்டீர்களா? மச்சினன் தங்கம் மேலே மிராசுதார் மாதிரி உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறது. நான் சம்பாதித்துப் போட்ட வெள்ளி கீழே கிடந்து தேய்கிறது.

புறப்படும்போது இன்னொன்றும் சொன்னான். ‘இது முள்ளை ஆட்டும், அவ்வளவுதான். பல்பு கில்புன்னு ஆரம்பிச்சுராதீங்க. பல்புக்கு இந்தத் தெம்பு பத்தாது.’ அவன் சொன்னான். ஆனால் பாதி மீட்டர் வரைக்கும் போன முள்ளுக்கு ஒரு டார்ச் பல்பை எரிக்க முடியாதா? நீங்களே சொல்லுங்கள்.

நெல் அகலம் என்றேனா? அது முதலில். அப்புறம் பாதி வரைக்கும் போனது.

பங்குனியில் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அய்யாத்துரையும் வந்திருந்தான். தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர், மைக்செட். வில்லுப்பாட்டுக்காரர்கள் வரத் தாமதமாகிவிட்டது, மைக் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற மைக்கைப் பார்த்தால் எனக்கு ஆகாது. எடுத்தேன். ‘பெரியோர்களே, தாய்மார்களே, நம்ம தெரு சங்கிலி டிரைவர் வாயில் உற்பத்தியாகும் மின்சாரத்தால் இப்போது பல்பு எரியும்’ என்று சொல்லிவிட்டேன். கூட்டம் எப்படிக் கூடியது தெரியுமா? வில்லுப்பாட்டுக்குக்கூட அவ்வளவு கூட்டம் இல்லை. ஒரு சொம்பு புளித்தண்ணீரைக் கொப்பளித்தேன். ஒரு கம்பி தங்கத்தில், ஒரு கம்பி வெள்ளியில், நடுவில் டார்ச் பல்பு. சூசை கூட்டத்துக்குப் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறான். மீட்டர் கண்ணாடியையே போய் முட்டின முள்ளைப் பார்த்தவன், இப்போது பயப்படுகிறான்!

பல்பு எரியவில்லை.

கடிக்கிறேன், அழுத்துகிறேன், கம்பியை மாற்றி வைக்கிறேன். எரியவில்லை. ஒரு பயல், ‘தாத்தா, சுவிட்சைப் போடுங்க’ என்கிறான். இன்னொருத்தன், ‘ஃபியூஸ் போயிருச்சு, காதைத் திருகுங்க’ என்கிறான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்த நேரத்தில் மனுஷனுக்கு ஏதாவது வாயில் வருமா வராதா? ‘தங்கம் தங்கமா இருந்தால்ல எரியும்’ என்று ஒரு வார்த்தை சொன்னேன். சும்மா, வாய்க்குள்ளே. வாய்க்கு முன்னால் மைக் இருந்தது, அதற்கு நான் என்ன செய்வது? அது கிடக்கட்டும், அது ஒரு விஷயமா? விஷயம் பல்புதான். பல்பு மட்டும் எரிந்திருந்தால் இன்றைக்கு இந்தப் பஸ்ஸில் நான் எதற்கு வருகிறேன்?

அய்யாத்துரை பந்தியில் இருந்தான். பாதி இலையில் எழுந்து கையைக் கழுவினான். காரில் போய் உட்கார்ந்தான். வெள்ளத்தாயி உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். ‘என் தம்பி முன்னால வந்து நின்னு பேசுங்க. அப்புறம் பாக்கலாம்’ என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். போன வாரம்.

எட்டயபுரம் வந்துவிட்டதா? ஏ தம்பி, மாங்காய்! இங்கே ஜன்னலுக்கு வா. உப்பு மிளகாய்ப் பொடி நிறையப் போட்டு ரெண்டு பத்தை. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படாதீர்கள். கரண்டுக்காக வாயில் வைத்ததை விட்டால், ஒரு மாசமாயிற்று இந்த நாக்கு புளிப்பைப் பார்த்து.

ஆங்... எங்கே விட்டேன்? அவன் முன்னால் நின்று பேச வேண்டும். என்ன பேசுவது? வேறு என்ன, கரண்டு அடித்தது பொய் என்றுதான். ஒரு வாரமாக ஒத்திகை பார்க்கிறேன் தம்பி. கண்ணாடி முன்னால் நின்று, ‘மாப்பிள்ளை, கரண்டு அடிக்கலை, நான் சும்மா சொன்னேன்’ என்கிறேன். வாய் கோணிக்கொள்கிறது. எத்தனையோ சொல்லியிருக்கிறேன். எதையும் யாரும் திருப்பி வாங்கச் சொன்னதில்லை. வாழ்க்கையிலே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெருங்காயம் இல்லாமல் ஒன்றைச் சொன்னால், அதைப் பொய் என்று சொல்லிவிட்டு வா என்கிறார்கள். இது என்ன நியாயம்? அவள் என்னை நம்பவில்லையே என்பதுதான் தம்பி எனக்கு. ஊர் சிரிக்கட்டும். கூட இருக்கிறவள் நம்ப வேண்டாமா?

இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான்.

ஹலோ. ஆமா, பஸ்லதான் வாரேன். எட்டயபுரம் தாண்டியாச்சு. சாப்பிட்டேன், சாப்பிட்டேன். சொல்லு. அதைச் சொல்லத்தான வாரேன்? உன் தம்பி முன்னாலயே, கரண்டு கிரண்டு ஒண்ணும் அடிக்கலை, எல்லாம் நான் கட்டிவிட்டதுன்னு... என்னது? அது இல்லையா? பின்ன என்ன? எது? எந்த வார்த்தை? நான் எப்பச் சொன்னேன்? மைக்ல சொன்னேனா. அது சும்மா வாய்க்குள்ள... சரி. ஏய், சரிங்கறேன்ல? ஆமா, வத்தல் மண்டிதான். ஆமா, பேருதான் முதலு. நாலு பேர் கேட்டாங்களா? யாரு? மண்டிக்கே வந்து கேட்டானா, அக்கா வீட்டுக்காரருக்கே போலித் தங்கம் போட்டீராமேன்னு? அடப்பாவி. உன் தம்பி சாப்பிடுறதில்லையா. சரி. அழாத. ஏய், அழாதங்கறேன். கரண்டைப் பத்தி? பேசவே வேண்டாமா? தங்கம் நல்ல தங்கம்னு மட்டும். சரி. கூட ஒரு வார்த்தை சேக்க மாட்டேன். சத்தியமா. வை.

கேட்டீர்களா தம்பி? நான் கரண்டைச் சொல்லப் போகிறேன், அவர்கள் தங்கத்தைக் கேட்கிறார்கள். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்றது வீண்.

தங்கம் நல்ல தங்கம்தான். அது எனக்குத் தெரியாதா? அய்யாத்துரை மட்டமான சாமான் வாங்க மாட்டான், கொடுக்க மாட்டான். சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? நீங்கள் சொல்வீர்கள். நான் அந்தப் பயலிடம் இந்த நாற்பது வருஷத்தில் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. அவன் மண்டியைப் புகழ வேண்டும் என்றால், ‘இவன் மண்டி வத்தலைக் கப்பலில் ஏற்றினால் கடலே தும்மும்’ என்பேன். வெறுமனே ‘நல்ல வத்தல்’ என்று சொல்ல வராது. இப்போது பாருங்கள், சொல்லிப் பார்க்கிறேன். ‘மாப்பிள்ளை, நீ போட்டது நல்ல தங்கம். பாண்டிய ராஜா கஜானாவிலே...’ பார்த்தீர்களா! அதுவாக வருகிறது. பாண்டிய ராஜாவை யார் கூப்பிட்டது?

மறுபடி. ‘நீ போட்டது நல்ல தங்கம்.’ ம். மொட்டையாக இல்லை? தலை இல்லாத முண்டம் மாதிரி நிற்கிறது. இதை வைத்துக்கொண்டு எப்படி ஒரு மனுஷன் முன்னால் நிற்பது?

விளாத்திகுளம் வந்துவிட்டது. பேட்டரியைப் பார்த்து இறக்குங்கள். சாய்த்துவிடாதீர்கள்.

*

தம்பி! நல்லவேளை, ஆட்டோ இன்னும் வரவில்லையா? சோடா வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். யாரிடமாவது சொல்லவில்லை என்றால் எனக்கு வயிறு வெடித்துவிடும். அந்தப் பக்கம் பார்க்காதீர்கள். வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள் பாருங்கள், ஊதாச் சேலை அவள், வெள்ளைச் சட்டை அவன். பார்க்காதீர்கள் என்றேனே!

நான் இறங்கினபோதே நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அவனைத் தெரியாதவர்கள் யார்? டீக்கடைக்காரன், பூக்காரி, ஆட்டோக்காரர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். அங்கேயே சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன், மைக்கில் சொன்னதற்குச் சரிக்குச் சரியாக இருக்கட்டும் என்று. ‘மாப்பிள்ளை, நீ போட்டது நல்ல தங்கம்.’

சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

அய்யாத்துரை என்னையே பார்க்கிறான். அவள் பார்க்கிறாள். டீக்கடைக்காரன் டம்ளரை ஏந்தினபடியே பார்க்கிறான். அப்புறம் அய்யாத்துரை மெதுவாகக் கேட்டான், ‘அப்புறம் அத்தான்?’ மீதிக் கதை இருக்கும் என்று நிற்கிறான் தம்பி! எல்லாரும் அதற்குத்தான் நிற்கிறார்கள். எனக்குத் தொண்டையில் பாண்டிய ராஜா வந்து நிற்கிறான், யானை வருகிறது, கஜானா சாவி வருகிறது. ‘அப்புறம் ஒண்ணுமில்லை. அவ்வளவுதான்’ என்றேன். சொல்லிவிட்டு வாயை மூடினேன். ஒன்றும் வெளியே வந்துவிடக் கூடாது என்று பல்லைப் பல்லோடு வைத்து இறுக்கி மூடினேன்.

மாங்காய் தின்ற வாய். தங்கமும் வெள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று. அடித்தது பாருங்கள்! அன்றைக்கு ரசத்தில் அடித்தது எல்லாம் ஒன்றுமே இல்லை. காது வழியாகப் புகுந்து உச்சந்தலை வரைக்கும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கத்த முடியுமா? சத்தியம் செய்திருக்கிறேன். கரண்டைப் பற்றிப் பேசக் கூடாது. அப்படியே நின்றேன் தம்பி, தாடையைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு. அய்யாத்துரை என்ன நினைத்தான் தெரியுமா? நான் மனசு கலங்கி அழுகிறேன் என்று நினைத்துவிட்டான். அவன் கண்ணும் கலங்கிப்போனது. ‘விடுங்க அத்தான், விடுங்க’ என்று கையைப் பிடித்துக்கொண்டான். பூக்காரி மூக்கைச் சிந்துகிறாள்.

அவன் மரத்தடியில் நிற்கிற கார் கதவைத் திறக்க முன்னால் போனான். வெள்ளத்தாயி மட்டும் நின்று, என் பக்கத்தில் வந்தாள். என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. தாடையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

‘அடிச்சிருச்சா?’

தம்பி, அதில் கேலி இல்லை. ஊறுகாய் இல்லை. காய்ச்சல் கண்டவனிடம் ‘சுடுதா?’ என்று கேட்பார்களே, அந்த மாதிரிக் கேட்டாள். ஒரு வாரமாக இல்லை, மூடி மாட்டின நாளிலிருந்து நான் இந்த ஒரு கேள்விக்குத்தான் தவம் கிடந்தேன். ‘ஆமாடி’ என்று ஒரு சொல். ஒரே ஒரு சொல். அதுவும் சத்திய உண்மை.

இந்த வாய் என்ன சொன்னது தெரியுமா? ‘சேச்சே, அதெல்லாம் அன்னைக்கே சும்மா சொன்னதுதானடி’ என்று சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை தம்பி, வாய் சொல்லிவிட்டது! பழக்கம். யாராவது ஒன்றைக் கேட்டால் இல்லாததைச் சொல்லியே பழகின வாய்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். ‘அப்பிடியா’ என்றாள். அவ்வளவுதான். போய் மரத்தடியில் நின்றுகொண்டாள்.

இப்போது இந்தச் சோடாவைக் கொண்டுபோய்க் கொடுத்து, ‘இல்லைடி, நிஜமாகவே அடிச்சுது, இப்பத்தான் அடிச்சுது’ என்று சொன்னால் நம்புவாளா? சொல்லுங்கள். நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், பேட்டரியெல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். நீங்களாவது நம்புகிறீர்கள் அல்லவா?

ஏன் தம்பி ரோட்டைப் பார்க்கிறீர்கள்? என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்.